ரத்தத்தில் உள்ள நோய்க்குக் கண்ணில் லேசர் எதற்கு?

கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய தம்பிக்கு 24 வயது. சிறுவயதிலேயே அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது எல்லோரும் சிக்கிள் செல் என்று சொல்லும் நோய், இருப்பது தெரிந்துவிட்டது. சில ஆண்டுகளாகப் பெரிய வலி எதுவும் வரவில்லை. இடது கண்ணில் பூச்சி பறப்பதுபோல் ஏதோ தெரிகிறது என்று கண் மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். கடைசி வரிவரை எழுத்துகளைச் சரியாகப் படித்துவிட்டார். ஆனாலும் கண்ணில் மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், இரண்டு கண்களிலும் விழித்திரையின் ஓரத்தில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பதாகவும், லேசர் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ரத்தத்தில் உள்ள நோய் கண்ணுக்கு எப்படி வந்தது, வலியே வராதபோது கண்ணில் மட்டும் எப்படி முற்றியது, பார்வை நன்றாக இருக்கும்போது லேசர் எதற்கு, அதனால் இருக்கிற பார்வையும் போய்விடுமா, 11-ஆம் வகுப்பில் படிக்கும் தங்கைக்கும் பார்க்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த மருத்துவர் சொல்வது நியாயமான ஆலோசனை. பார்வை நன்றாக இருப்பதால் லேசரைத் தள்ளிப்போடலாம் என்று எண்ணாதீர்கள். பார்வை நன்றாக இருக்கும் காலத்தில் செய்தால்தான் அதனால் முழுப்பயன் உண்டு. இந்த நோயில் எழுத்துப் பலகையைப் படிக்கும் திறனுக்கும் விழித்திரையின் உண்மை நிலைக்கும் நெடுநாள் வரை எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. இது ஏன் என்று விளங்கிக்கொண்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா குளோபின் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்நோயில் அந்த ஓரிடத்தில் மட்டும் வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1910-இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் அரிவாள்போல் வளைந்த சிவப்பணுக்களை முதன்முதலில் விவரித்தார். 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இது ஒரு மூலக்கூறின் நோய் என்று நிறுவினார்கள். இவ்வளவு சிறிய மாற்றத்தின் விளைவு மிகப் பெரியது. ஆக்சிஜனை இறக்கிவைத்த பிறகு இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, மிருதுவாக வளைந்து கொடுக்க வேண்டிய அணுவை விறைத்த, வளைந்த, ஒட்டும் தன்மையுள்ள அணுவாக்கிவிடுகிறது. சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். இந்த அணுக்கள் 10 முதல் 20 நாட்களிலேயே சிதைந்துவிடுகின்றன. சிதைவதால் ரத்தசோகை, நுண்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்வதால் எலும்பிலும் மூட்டிலும் வயிற்றிலும் வரும் அந்தக் கடும் வலி.

அதே அடைப்பு கண்ணிலும் நடக்கிறது. உடலில் எடைக்கு எடை பார்த்தால் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனி கண்ணின் பின்புறம் நரம்போடு உள்ளே நுழைந்து, கிளை பிரிந்து பிரிந்து, கண்ணின் முன்பக்கத்தை நோக்கி ஓரம் வரை போகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை என்பதுபோல, விழித்திரையிலும் முதலில் காய்வது அந்த ஓரம்தான். அதிலும் காதுப்பக்கத்து ஓரம் முந்திக்கொள்கிறது. குழாய்கள் அங்கே மிகக் குறுகியவை, ஆக்சிஜனும் குறைவு. வளைந்த அணுக்கள் சிக்குவதற்கு அதைவிட ஏற்ற இடம் வேறு இல்லை. ஆனால் எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் விழித்திரையின் நடுவில் உள்ள மாகுலாவின் வேலை. ஓரத்தில் ஒரு பெரும்பகுதி ரத்தமின்றிக் கிடந்தாலும் மாகுலாவுக்கு வரத்து இருக்கும்வரை நோயாளிக்கு எதுவும் தெரியாது. உங்கள் தம்பி கடைசி வரிவரை படித்ததற்குக் காரணம் இதுதான்.

ஓரத்தில் நடப்பதை 1971-இல் மார்ட்டன் கோல்ட்பர்க் ஐந்து நிலைகளாக வகுத்தார். இன்றும் மருத்துவர்கள் அந்த வகைப்பாட்டைத்தான் கையாள்கிறார்கள். முதலில் ஓரத்து நுண்தமனிகள் அடைபடுகின்றன. பிறகு அடைபட்ட எல்லையில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துகொள்கின்றன. அடுத்து, பட்டினி கிடக்கும் திசு விஇஜிஎஃப் முதலான வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து ரத்தத்தைக் கேட்க, அதன் விளைவாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. இது மூன்றாம் நிலை. உங்கள் தம்பி இருப்பது இங்கே. நான்காம் நிலையில் அந்தக் குழாய்கள் கசிந்து, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்ற தெளிந்த கூழுக்குள் ரத்தம் பரவுகிறது. ஐந்தாம் நிலையில் தழும்பு இழுத்து விழித்திரையே தன் இடத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. பார்வை போவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு நிலைகளில்தான். அவற்றுக்கு முந்தைய மூன்று நிலைகளும் பல ஆண்டுகள் ஓசையில்லாமல் கடந்துவிடும்.

அந்த மூன்றாம் நிலையை மருத்துவர் எப்படிப் பார்க்கிறார் என்று சொன்னால் அவருடைய அக்கறை உங்களுக்குப் புரியும். சொட்டு மருந்தால் கண்பாவை நன்றாக விரிந்த பிறகு, தலையில் மாட்டிய இன்டைரக்ட் ஆப்தல்மாஸ்கோப்பின் ஒளியில், கையில் ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டு, நோயாளியை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மாறிமாறிப் பார்க்கச் சொல்லி ஓரத்தைத் தேடுவார். சில நேரம் இமைமேல் ஒரு சிறு கருவியால் மெல்ல அழுத்தி, எட்டாத ஓரத்தையும் பார்வைக்குள் கொண்டுவருவார். அங்கே, ரத்தம் உள்ள விழித்திரைக்கும் இல்லாத விழித்திரைக்கும் நடுவில், ஒரு காம்பிலிருந்து விசிறியாக விரிந்த சிவந்த குழாய்க் கொத்து தெரியும். கடலடியில் வளரும் விசிறிப் பவளத்தின் சாயல் இருப்பதால் இதற்கு ‘சீ ஃபேன்’ என்று பெயர். சந்தேகம் இருந்தால் கைநரம்பில் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். சாயம் ஏறும்போது நல்ல குழாய்கள் கூர்மையான வெள்ளைக் கோடுகளாக நிற்கும். ரத்தம் போகாத ஓரம் கறுத்துக் கிடக்கும். எல்லையில் இந்த விசிறி மட்டும் நொடிக்கு நொடி கலங்கி, தன் உருவமே மறையும் அளவுக்கு வெண்மையாகக் கசியும். அந்தப் படத்தை ஒருமுறை உங்களுக்கும் தம்பிக்கும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு விளக்கினாலும் வராத தெளிவு அதைப் பார்த்தால் வரும். பரிசோதனைக்குப் பின் ஒரு நாள் வரை தோலும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

வலியே வருவதில்லையே, பிறகு எப்படிக் கண்ணில் மட்டும் நோய் முற்றியது என்ற உங்கள் கேள்வி மிக முக்கியமானது. அதில் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அதை மருத்துவர்களிடமும் சில நேரம் காண்கிறேன். ரத்தநோயின் கடுமையும் கண்நோயின் கடுமையும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. மேலே சொன்ன மாறிய ஹீமோகுளோபினை எஸ் என்று குறிப்பார்கள். இரண்டு பெற்றோரிடமிருந்தும் எஸ் ஹீமோகுளோபினைப் பெறும் எஸ்-எஸ் வகையே உடலை அதிகமாக வாட்டுவது. ஒருபக்கம் எஸ், மறுபக்கம் சி என்ற வேறொரு மாறிய ஹீமோகுளோபின் என்று பெறும் எஸ்-சி வகையில் ரத்தசோகையும் வலியும் பொதுவாகக் குறைவு. கண்ணில் இது தலைகீழ். ஜமைக்காவில் பிறந்தது முதல் பின்தொடரப்பட்டவர்களில், 24 முதல் 26 வயதுக்குள் புதுக்குழாய்கள் முளைத்தவர்கள் எஸ்-சி வகையில் 43 சதவீதம், எஸ்-எஸ் வகையில் 14 சதவீதம். ரத்தசோகை குறைவு என்றால் ரத்தத்தில் அணுக்கள் அதிகம், ரத்தம் கெட்டியானது. அதனால் ஓரத்துக் குழாய்கள் ஒரேயடியாக மாண்டுபோகாமல் அரைகுறையாக அடைபட்டு, குற்றுயிராகக் கிடக்கும் திசு புதுக்குழாய்களை அழைத்துக்கொண்டே இருக்கிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எஸ்-சி வகை மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் மிகுதி. நம் நாட்டில் அரிது. இங்கே காண்பவை பெரும்பாலும் எஸ்-எஸ் வகையும், ஒருபக்கம் எஸ், மறுபக்கம் தலசீமியா மரபணு என்று பெறும் எஸ் பீட்டா தலசீமியாவும்தான். இந்திய நோயாளிகள் பலரிடம் குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் கூடுதலாகத் தங்கியிருப்பதால் நோய் சற்று மிதமாகவே இருப்பதும் உண்மை. ஆனால் அந்த மிதமே கண்ணைப் பரிசோதிக்காமல் விடுவதற்குக் காரணமாகிவிடுகிறது என்பது என் கவலை. வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வலி வராதவரை யார் போகச் சொன்னாலும் போவதில்லை.

இனி லேசர். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சீ ஃபேன் எல்லாவற்றுக்கும் லேசர் கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை. அவற்றில் கணிசமானவை தமக்கு வரும் ரத்தமும் அடைபட்டுத் தாமாகவே சுருங்கி வெளுத்துவிடுகின்றன. மேலே சொன்ன ஜமைக்கா ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படி அடங்கியது. அதனால் சிறியதாக, தட்டையாக, ஒரு கண்ணில் மட்டும் இருந்து, நோயாளி தவறாமல் வந்து காட்டக்கூடியவராக இருந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே காத்திருப்பதும் ஏற்கத்தக்க வழிதான். ஆனால் இரண்டு கண்களிலும் இருந்தாலோ, விசிறி உயர்ந்து பெரிதாக இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, ஏற்கெனவே கசிந்திருந்தாலோ, மற்றக் கண்ணின் பார்வை முன்பே போயிருந்தாலோ காத்திருப்பது சரியல்ல. உங்கள் தம்பிக்கு இரண்டு கண்களிலும் இருக்கிறது. இடது கண்ணில் பூச்சி பறப்பதுபோல் தெரிவது சிறு கசிவாக இருக்கலாம். மலையிலிருந்து விழித்திரை மருத்துவரிடம் வந்துபோக ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் ஆகும் குடும்பத்துக்கு, ‘மாதாமாதம் வந்து காட்டுங்கள்’ என்பது காகிதத்தில் மட்டும் நடக்கிற சிகிச்சை. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் லேசர் பக்கம் சாய்கிறேன்.

இப்போது செய்யப்படும் முறையில் லேசரைப் புதுக்குழாயின் மேல் பாய்ச்சுவதில்லை. முற்காலத்தில் விசிறிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயையே சுட்டு அடைத்தார்கள். அதனால் விழித்திரை கிழிவது போன்ற சிக்கல்கள் வந்ததால் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இன்று விசிறியைச் சுற்றியுள்ள, ஏற்கெனவே ரத்தம் இழந்த பகுதியில் இடைவெளி விட்டுப் புள்ளிபுள்ளியாக லேசர் வைக்கிறார்கள். பட்டினித் திசுவின் ஆக்சிஜன் தேவை குறைகிறது, அது எழுப்பும் அழைப்பும் குறைகிறது, விசிறி வாடுகிறது. இந்தச் சிதறல் லேசரை ஜமைக்காவில் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். லேசர் செய்த கண்களில் கண்ணுக்குள் ரத்தம் கசிவதும் பார்வை குறைவதும் தெளிவாகக் குறைந்திருந்தன. மயக்க மருந்து தேவையில்லை, மரத்துப்போகும் சொட்டு மருந்து போதும்; பளிச்சென்ற ஒளியும் ஆங்காங்கே சுருக்கென்ற குத்தலும் இருக்கும்; அன்றே வீட்டுக்குப் போகலாம். பார்வை போய்விடுமா என்று கேட்டீர்கள். லேசர் படும் இடம் மாகுலாவிலிருந்து வெகுதூரத்தில் உள்ள, ஏற்கெனவே ரத்த ஓட்டம் நின்றுபோன ஓரம் என்பதால் படிக்கும் பார்வைக்கு அதனால் பாதிப்பு வருவது மிக அரிது. அதே நேரம், லேசர் செய்தால் பார்வை கூடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இருப்பதைக் காப்பதற்கு மட்டுமே அது உதவும். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் வேறோர் ஓரத்தில் புது விசிறி முளைக்கலாம்.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரத்தம் அதிகமாகக் கசிந்தால் கண்முன் புகை படர்ந்ததுபோல் அல்லது சிவப்புத் திரை விழுந்ததுபோல் இருக்கும். சில வாரங்களில் அது தானாகக் கரையலாம். கரையாவிட்டால், அல்லது விழித்திரை பிரிந்துவிட்டால், விட்ரியஸ் கூழை வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி அறுவை சிகிச்சைதான் வழி. மற்ற நோயாளிகளுக்கு வழக்கமான இந்த அறுவை சிகிச்சை சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடியது. கண்ணின் அழுத்தம் சற்று ஏறினாலும் ரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும். வெளியிலிருந்து பட்டை கட்டி இறுக்கும் பழைய முறையில் கண்ணின் முன்பகுதியே ரத்தமின்றிக் கெட்டுப்போன நோயாளிகள் உண்டு. அதனால் ரத்தநோய் மருத்துவரைக் கலந்து, உடலில் நீர்ச்சத்து குறையாமலும் குளிர் தாக்காமலும் பார்த்துக்கொண்டு, தேவையானவருக்கு முன்கூட்டியே ரத்தம் ஏற்றி அல்லது மாற்றித்தான் இதைச் செய்கிறார்கள். அவாஸ்டின் போன்ற விஇஜிஎஃப் எதிர்ப்பு ஊசிகளும் பயன்படுகின்றன. ஆனால் விசிறி வேகமாகச் சுருங்கும்போது விழித்திரையை இழுத்துவிடும் அபாயம் இருப்பதால் அதை லேசருக்கு எளிய மாற்று என்று நினைத்துவிடக் கூடாது.

மாகுலாவும் முழுப் பாதுகாப்பில் இல்லை. விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் அதன் காதுப்பக்கம் மெலிந்திருப்பது பலரிடம் தெரிகிறது. அரிதாக விழித்திரையின் மையத் தமனியே அடைபட்டு, வலியே இல்லாமல் ஒரு கண்ணின் பார்வை திடீரென்று மங்கிவிடும். அது நெஞ்சடைப்புக்கு நிகரான அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

இதைவிட அடிக்கடி நடக்கக்கூடிய, ஆனால் அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பந்தோ விறகோ பட்டுக் கண்ணின் முன்பக்கத்து அறையில், கருவிழிப் படலத்துக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால், அந்த அறையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் சிவப்பணுக்கள் அங்கேயே வளைந்து விறைத்து, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழியை அடைத்துவிடும். அழுத்தம் ஏறும், மற்றவர்கள் தாங்கும் அழுத்தத்தில் இவர்களுடைய பார்வை நரம்பு செத்துப்போகும். அழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு மேல் ஒரு நாள் நீடித்தாலே ரத்தத்தை அறுவை சிகிச்சையால் கழுவி எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது இவர்களுக்கென்றே உள்ள விதி. அழுத்தத்தைக் குறைக்க வழக்கமாக உடனே கொடுக்கப்படும் டையமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைடு மாத்திரை, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி அணுக்கள் வளைவதை மேலும் தூண்டக்கூடியது. எனவே இவர்களுக்குத் தவிர்க்க வேண்டியது. நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் தாங்குபவர்களுக்கும், அதாவது நம் மருத்துவமனைகளில் ‘ட்ரெயிட்’ என்று எழுதித் தரப்படுபவர்களுக்கும், இந்த ஒரு விஷயத்தில் அதே எச்சரிக்கை பொருந்தும். ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை, வெறும் ட்ரெயிட்தான்’ என்று அனுப்பப்பட்ட ஒருவர் கண்ணில் அடிபட்டு வரும்போது அதைச் சொல்ல மறந்துவிட்டால், நள்ளிரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அதை ஊகிக்க வழியே இல்லை.

தங்கையைப் பற்றி. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் அறிக்கைகளில் ஒன்று நீலகிரியிலிருந்தே வந்தது. 1952-இல் லேமனும் கட்புஷும் அங்குள்ள பழங்குடிகளிடையே இந்த மரபணுவைக் கண்டறிந்து எழுதினார்கள். அதன்பின் கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் பல ஆண்டுகளாக இருளர், பணியர், குறும்பர் முதலானோரிடையே ரத்தப் பரிசோதனை செய்து நோயாளிகளைப் பின்தொடர்ந்து வருகின்றன. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய ஒழிப்பு இயக்கமும் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை என்ற இலக்கோடு நடக்கிறது. எனவே தங்கையின் ரத்தப் பரிசோதனை உங்கள் ஊரிலேயே முடியும். பெற்றோர் இருவரும் மரபணுவைத் தாங்குபவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, தாங்குபவராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. முதற்கட்டப் பரிசோதனையோடு நிறுத்தாமல், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் வரை செய்து எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். அவளுக்கும் நோய் இருந்தால் கண் பரிசோதனையை இப்போதே தொடங்க வேண்டும். பத்து வயதிலிருந்து, எல்லாம் சரியாக இருந்தாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பாவையை விரியவைத்து ஓரம் வரை பார்க்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட வழிகாட்டல். பள்ளியில் நடக்கும் கண்ணாடி முகாமில் எழுத்துகளைப் படித்துக் காட்டியது இந்தக் கணக்கில் சேராது.

தம்பி ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுகிறார் என்றால் லேசருக்காக அதை நிறுத்த வேண்டாம். குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் கூடுதலாக உள்ள சிறுவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதைக் கூட்டுவதுதான் அந்த மருந்தின் வேலை. ஆனால் முளைத்துவிட்ட விசிறியை அது வாட்டிவிடும் என்று நம்பி லேசரைத் தள்ளிப்போட முடியாது.

லேசருக்குப் போகும்போது எச்பிஎல்சி அறிக்கை, கடைசியாக எடுத்த ஹீமோகுளோபின் அளவு, சாப்பிடும் மருந்துகளின் சீட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கண் மருத்துவமனையின் நோயாளி அட்டையில் ‘சிக்கிள் செல், டையமாக்ஸ் கொடுக்கக் கூடாது’ என்று முதல் பக்கத்திலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். பாவை விரியவைத்த பிறகு சில மணி நேரம் பார்வை கூசும் என்பதால் தம்பியைத் தனியாக அனுப்ப வேண்டாம்; போகும் வழியெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். லேசருக்கு முன்போ பின்போ இடது கண்ணில் பூச்சிகள் திடீரென்று கூட்டமாகப் பெருகினாலோ, மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருந்தாலோ, குறித்துக்கொடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே கிளம்பிவிடுங்கள்.